ஈ உட்காராத மீன்

லாரி நாட்றம்பள்ளியைத் தாண்டிவிட்டது என்று டிரைவர் போன் செய்தபோது கிழக்கு அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய கடல்மீன் மண்டியில் ஆட்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பிரிசில்லா புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஒரு பழைய ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றினாள். மூலையில் காசி ஐஸ் பார்களை மரச் சுத்தியால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் அடிக்கும் துணுக்குகள் சிதறிக் காலில் ஊசியாய்க் குத்தின. அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. அந்த நேரத்திலேயே மண்டியின் தகரக் கூரை முந்தின நாள் வெயிலை இன்னும் விடாமல் வைத்திருந்தது. உடைத்த ஐஸ் கூடைக்குள் போவதற்குள் பாதி தண்ணீராகி ஓடியது.

லாரி வந்து பின்பக்கமாகத் திரும்பி நின்றது. கதவைத் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மடமடவென்று கொட்டியது. காசியும் மற்றவர்களும் மேலே ஏறினார்கள். ஈரத்தில் ஊறி இரண்டு மடங்கு கனத்த பெட்டிகளைத் தலையில் வாங்கி, வழுக்கும் தரையில் கால் விரல்களை ஊன்றி ஊன்றி நடந்தார்கள். பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் பிடரி வழியே இறங்கி முதுகெல்லாம் பிசுபிசுத்தது. இறக்கிய பெட்டிகளைப் பெண்கள் கவிழ்த்துப் போட்டு ரகம் பிரித்தார்கள். சங்கரா ஒரு பக்கம், காரப்பொடி ஒரு பக்கம், கானாங்கத்தை ஒரு பக்கம். ஐஸுக்குள் விட்ட விரல் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். மரத்துப்போன பிறகுதான் வேலை ஓடும்.

"இதப் பாருக்கா" என்று தேவகி ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் பழைய துணி போலச் சாம்பல் பூத்துக் கிடந்தது. "இது கடல வுட்டு வந்து எத்தினி நாளாச்சோ, யாரு கண்டா."

"எந்தக் கடலோ அது" என்றாள் பிரிசில்லா.

அவர்கள் கடல் மூடிக் கிடந்தது. சித்திரையில் தொடங்கும் தடைக்காலத்தில் கிழக்குக் கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குள் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். ஆனி பிறந்து படகுகள் கிளம்பும் வரை ஆம்பூருக்கு வரும் மீனெல்லாம் மேற்குக் கரை மீன்தான். மங்களூரிலிருந்தும், அதற்கும் மேலே எங்கெங்கோ இருந்தும் ஏற்றி, மலை இறங்கி, வெயிலில் நின்று நின்று வரும்.

தேவகி கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவள் புருஷன் இன்னொருத்தரின் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். படகைக் கரையில் கட்டிவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. அதனால் வருஷா வருஷம் தடைக்காலத்துக்குத் தேவகி ஆம்பூருக்கு வந்துவிடுவாள். அக்கா வீட்டில் தங்கி, இந்த மண்டியில் வேலை பார்த்து, படகுகள் கிளம்பும்போது ஊர் திரும்புவாள்.

"மின்னாடில்லாம் தடைக்காலத்துலயும் கட்டுமரம் போனா கொழம்புக்காச்சும் மீனு கெடைக்கும்க்கா" என்று கை ஓய்வில்லாமல் பிரித்தபடியே சொன்னாள். "இப்ப கரைத்தண்ணி சுட்டுகினு கெடக்குதாம். கவலை மீனு இந்தப் பக்கமே வர்றதில்ல. சூடு தாங்காம ஆழத்துக்குப் போய்டுதுன்றாங்க. வலைய இழுத்தா ஜெல்லி மாரி சொறிமீனு தான் வருதாம். வலையெல்லாம் கொழகொழன்னு. தொட்டா கையி தடிச்சிப்பூடுது. எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணுவாரு, வலைய அலசிட்டு வந்து படுத்துக்குறாராம்."

"தடை முடிஞ்சா?"

"முடிஞ்சா மொதோ வாரம் நல்லா வரும். அப்புறம் திரும்பவும் டீசலுக்குக் கூட ஆவாது."

பிரிசில்லாவுக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. கடலைப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணியில். ஆனால் இருந்த வேலை கண்ணெதிரே கம்மியாகிக்கொண்டே போவதை அவள் நன்றாகப் பார்த்திருந்தாள். பத்தாவது முடித்த கையோடு ஷூ கம்பெனியில் சேர்ந்து, ஷூவின் மேல்தோலைத் தைக்கும் டெய்லராக இருபது வருஷம் மிஷின் மிதித்தவள். ஆர்டர் இல்லை என்று முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். பிறகு ஒரு லைனை மூடினார்கள். பிறகு கேட்டையே மூடினார்கள். புருஷன் பிரேம்நாத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து நெஞ்சு கெட்டு வீட்டோடு இருந்தான். அந்த வருஷம் மீன் மண்டிதான் அவளைச் சேர்த்துக்கொண்டது.

மண்டியின் கோடியில் தார்ப்பாய் கட்டி மறைத்த இடம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு நீல பேரல். தடைக்காலம் தொடங்கிய பிறகுதான் அது வந்தது. பிரித்த மீனைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய் அந்தப் பேரலில் முக்கி எடுக்க வேண்டும். பேரல் தண்ணீரில் முதலாளி சம்பந்தம் ஒரு வெள்ளைக் கேனிலிருந்து மருந்து ஊற்றச் சொல்வார். முக்கி எடுத்த மீன் விறைத்துக்கொள்ளும். கண் பளிச்சென்று ஆகிவிடும். பெண்களுக்கு முதலில் கண் எரிந்தது. பிறகு தொண்டை கரகரத்தது. விரல் இடுக்கில் தோல் உரிந்து, சாப்பிடும்போது குழம்பு பட்டால் உயிர் போயிற்று.

"கிளவுஸ் வாங்கிக் குடுங்க மொதலாளி" என்று பிரிசில்லா ஒரு தடவை கேட்டாள்.

"கிளவுஸ் போட்டா மீனு வழுக்கும்மா" என்றார் சம்பந்தம். அவர் கத்துகிற ஆள் இல்லை. "நானும் சைக்கிள்ல மீன் வித்தவன் தான். எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க. நம்ம கடல் தொறந்துட்டா இந்தப் பேஜாரே இல்ல."

மண்டியில் வாங்கித் தெருத்தெருவாய் விற்கும் முனியம்மாதான் முதலில் அதைச் சொன்னாள். அலுமினிய அன்னக்கூடையில் மீனை நிரப்பித் தலையில் தூக்கும் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாம்மே இது? நேத்து பூரா வெயில்ல வெச்சிகினு சுத்தினேன், ஒரு ஈ கூட உக்காரல. இன்னிக்கும் உக்காரல."

பெண்கள் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். முனியம்மா தானே சிரித்துக்கொண்டாள். "நல்லது தான் போ. ஈ ஓட்டுற வேல மிச்சம்." கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குப் பெட்டிகள் அதிகம். ஐஸ் கம்மி. பேரலில் மருந்து பத்தவில்லை என்று சம்பந்தம் காசியைக் கூப்பிட்டார். காசி புதுக் கேனைத் தோளில் தூக்கி வந்தான். தரை முழுக்க மீன் வழவழப்பு. பேரலின் விளிம்பில் கேனைச் சாய்க்கப் போனவனுக்குக் கால் வழுக்கியது. கேன் விளிம்பில் மோதி மூடி தெறித்தது. உள்ளிருந்தது முழுக்க அவன் முகத்தில் அடித்தது.

அவன் போட்ட சத்தத்தில் லாரி டிரைவர் கூட இறங்கி ஓடி வந்தான்.

காசி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான். பிரிசில்லா அவன் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது, தொட்டி காலி. பெண்கள் குடிக்க வைத்திருந்த தவலைத் தண்ணீரை எடுத்து வந்து, தேவகி அவன் தலையைப் பிடித்துக்கொள்ள, இமையை விரலால் பிரித்து ஊற்றினாள். தவலை தீர்ந்தது. வேறு தண்ணீர் எதுவும் அங்கே இல்லை. மருந்து கலக்காத தண்ணீர் இல்லை.

ஆட்டோவில் ஏற்றும்போது சம்பந்தம் குனிந்து உள்ளே தலையை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது. "ஆஸ்பத்திரில ஃபினாயில் பட்டுச்சின்னு சொல்லு. புரியுதா பிரிசில்லா? தரை கழுவுற ஃபினாயில். செலவெல்லாம் நான் பாத்துக்குறேன். வேற ஏதாச்சும் சொன்னன்னு வெச்சிக்க, மண்டிக்கு சீல் வெச்சிடுவான். அப்புறம் ஒங்க எல்லாருக்கும் தான் கஷ்டம்."

ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்போது காசி அவள் கையைத் தடவிப் பிடித்தான். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டிருந்தன.

"யக்கா... ஃபினாயில்னே சொல்லிடுக்கா. வேல பூடும்."

"பேசாம இருடா."

"தேவகிக்காவுக்கும் பூடும். அவங்களுக்கு வேற எடமில்ல."

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "என்ன பட்டுச்சு? சீக்கிரம் சொல்லுங்க. என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது பண்ண முடியும்."

பிரேம்நாத்துக்கு முதன்முதலில் மூச்சு முட்டியபோது வேறோர் ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டரும் இப்படித்தான் கேட்டார். தோல் ஷாப்பில் என்னென்ன மருந்தெல்லாம் கையாளுறீங்க, பேர் சொல்லுங்க என்றார். பிரேம்நாத் யோசித்து யோசித்துப் பார்த்து, "மருந்து சார்" என்றான். பதினைந்து வருஷம் அதைச் சுவாசித்தவனுக்கு அதன் பெயர் தெரியாது. யாரும் சொன்னதில்லை. டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அந்த மூடிய பேனாவை அவள் மறக்கவில்லை.

"மீனுல கலக்குற மருந்து டாக்டரம்மா" என்றாள். "கேன்ல ஃபார்மலின்னு எழுதியிருந்திச்சி."

டாக்டரம்மா ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். "மீன்லயா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள். குழாய் வைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். வலி பொறுக்காமல் காசி அழுதான். அன்று மத்தியானமே வேலூருக்கு அனுப்பினார்கள். செய்தி கேட்டு ஓடி வந்த அவன் பெண்டாட்டி பூரணி, கட்டியிருந்த புடவையோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனாள்.

டாக்டரம்மா சொல்லி அன்று சாயங்காலமே அதிகாரிகள் வந்தார்கள். வரும்போது நீல பேரலும் இல்லை, கேன்களும் இல்லை, தார்ப்பாயும் இல்லை. கழுவி விட்ட தரையில் அன்று காலை ஏரியிலிருந்து பிடித்து வந்த கட்லா மீன் நாலு பெட்டி இருந்தது. அதில் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காசி குடித்துவிட்டு வந்து வழுக்கி விழுந்தான் என்று சம்பந்தம் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். காசிக்குக் குடிப் பழக்கமே கிடையாது.

மறுநாள் விடியலில் வேலைக்குப் போன பிரிசில்லாவை அவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னா கண்டுபிடிச்சான்? ஒண்ணுமில்ல. வாயில வந்தத சொல்லிட்டு வந்தியே, இப்ப இன்னா ஆச்சி?"

"நான் பொய் சொல்லல மொதலாளி. ஒங்களுக்கே தெரியும்."

"நீ என் ஆளே இல்ல. எந்த நோட்டுலயாச்சும் ஒன் பேரு எழுதி வெச்சிகிறேனா? வந்த, கூலி வாங்கின, போன. இப்ப போ." பிறகு குரலைத் தணித்தார். "கம்பெனி எல்லாம் மூடிக் கெடக்குது. கடலும் மூடிக் கெடக்குது. ஒரு நாள் நின்னு யோசிச்சிருக்கலாம் இல்ல நீ?"

அந்த வார்த்தைதான் அவளை வழியெல்லாம் அறுத்தது. அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளால் சட்டென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊரில் செய்தி கசிந்துவிட்டது. கடல்மீன் என்றால் ஆட்கள் முகத்தைத் திருப்பினார்கள். முனியம்மாவின் கூடை போனபடியே திரும்பி வந்தது. அவள் பிரிசில்லா வீட்டு வாசலில் வந்து நின்று தெருவே கேட்கக் கத்தினாள்.

"நீ வேல பாத்தியா, கூலி வாங்கினியா, வந்தியான்னு இருக்க மாட்ட? எங்க வயித்துல அடிச்சிட்டியே! எவ வாங்குவா இனிமே? ரெண்டு பொண்ண வெச்சிகினு இருக்குறேன்டி நானு!"

பிரிசில்லா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே பிரேம்நாத் இருமினான். முனியம்மா கத்தி ஓய்ந்து, கூடையில் இருந்த மீனை அங்கேயே சாக்கடையில் கொட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஜனங்கள் மறப்பதற்கு ஒரு வாரம் கூட ஆகவில்லை. மீன் விற்க ஆரம்பித்தது. தார்ப்பாய் மறுபடி ஏறியது. பேரல் திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் தேவகி வந்தாள். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"காசி தூக்குன கேன இப்ப என்னத் தூக்கச் சொல்றாருக்கா."

பிரிசில்லா அவளைப் பார்த்தாள்.

"இன்னிக்குத் தூக்கினேன். மூடியத் தொறக்கும்போது கண்ண இறுக்க மூடிக்கினேன். கண்ண மூடிகினே ஊத்தினேன்." தேவகி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நீ ஆஸ்பத்திரில சொன்னப்போ ஒம் மேல எனக்கு அவ்ளோ கோவம். இந்த அம்மா வாய வெச்சிகினு சும்மா இருந்தா இன்னான்னு. நான் ஒன்ன வந்து பாக்கக் கூட இல்ல."

"பரவால்ல தேவகி."

"நாளைக்கி அந்தக் கேனத் தூக்க மாட்டேன்க்கா. தூக்கலன்னா வேற ஆளத் தூக்கச் சொல்லுவாரு. அதான் யோசிச்சிகினு வந்தேன். யாருமே தூக்கலன்னா?"

வாசலில் நிழல் விழுந்தது. முனியம்மா. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. காசி அவள் தெருக்காரன். வேலூருக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வராமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"கண்ணக் கட்டிப் போட்டுகிறாங்க. என் கொரலக் கேட்டுட்டு, இன்னிக்கு இன்னா மீனுக்கா வந்துச்சின்னு கேக்குறான். பதில் சொல்ல முடியலடி எனக்கு. எங்க தெருவுல நிறை மாசமா ஒருத்தி இருக்குறா. நேத்து எங்கிட்ட தான் சங்கரா வாங்கினா. நல்லதாப் பாத்துக் குடுக்கான்னு கேட்டு வாங்கினா. நானும் பொறுக்கிக் குடுத்தேன்."

வெளியே வெயில் சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"யாருகிட்ட போயி சொல்றது?" என்றாள் முனியம்மா. "வந்தவனுங்க தான் பாத்துட்டுப் பூட்டானுங்களே."

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் பிரிசில்லா. "நாம எறக்கக் கூடாது. முக்கக் கூடாது. நீங்க வாங்கக் கூடாது. நம்ம கையி படாம அந்த மீனு ஆம்பூருக்குள்ள போவாது. அவ்ளோ தான் நம்மால ஆவும்."

"எத்தினி நாளு தாங்கும் அது?"

"தெரியலக்கா."

அன்று சாயங்காலம் மூவரும் வீடு வீடாகப் போனார்கள். கூடைக்காரப் பெண்கள், பெட்டி இறக்குகிற ஆட்கள், ரகம் பிரிக்கிற பெண்கள். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் கதவருகிலேயே பேசி அனுப்பினார்கள். சரி என்று சொன்னவர்களும் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. இது நடக்காது என்று நினைத்துக்கொண்டேதான் பிரிசில்லா படுத்தாள்.

விடியலில் லாரி வந்து பின்பக்கமாகத் திரும்பி நின்றது. டிரைவர் கதவைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. யாரும் மேலே ஏறவில்லை.

பெண்கள் மண்டி வாசலில் வரிசை என்று எதுவும் இல்லாமல் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி இறக்குகிற ஆட்கள் கொஞ்சம் தள்ளி, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பது போலக் குந்தியிருந்தார்கள். கூடைக்காரப் பெண்கள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

சம்பந்தம் வெளியே வந்து பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இன்னா இது? லாரி நிக்குது, கண்ணு தெரியலையா?"

"ஒருத்தனுக்குத் தான் தெரியல மொதலாளி" என்றாள் தேவகி. "எங்களுக்குத் தெரியுது."

"நீ பேசறியா? தடைக்காலத்துல சோத்துக்கில்லாம இங்க ஓடி வந்தவ நீ. நான் வேல குடுத்தேன்."

"குடுத்தீங்க. நானும் செஞ்சேன். மீனு எறக்குறோம், பிரிக்கிறோம், ஐஸ் அடிக்கிறோம். பேரல் வேணாம். அத்த எடுத்துடுங்க, இப்பவே லாரில ஏறுறோம்."

"மருந்து இல்லாம இந்த வெயில்ல மீனு நிக்குமா? மூணு மாநிலம் தாண்டி வருது!"

"நிக்காத மீன எதுக்குக் கொண்டாறீங்க?"

"கொண்டாரலன்னா நீ இன்னா துன்னுவ?" சம்பந்தம் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "சொல்லும்மா! கடல்ல மீனில்ல. ஐஸ் வெல ஏறிப் போச்சி. ஜனம் கம்மி வெலைக்குக் கேக்குது. நான் மட்டும் இன்னா, ஆசப்பட்டா ஊத்துறேன்?"

பிரிசில்லா எழுந்து நின்றாள்.

"காசியும் ஆசப்பட்டா தூக்கினான் மொதலாளி?"

"நீ இந்த எடத்துக்கே வரக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஒங்க எடத்துக்குள்ள வரல. ரோட்டுல நிக்குறேன். காசிக்கு வைத்தியம் நீங்க பாக்கணும். குடிச்சிட்டு வுழுந்தான்னு சொன்னத மாத்திச் சொல்லணும். பேரல் போவணும். இந்த மூணும் தான்."

அவர் பெட்டி இறக்குகிற ஆட்கள் பக்கம் திரும்பினார். "டேய், பொம்பளைங்க பேச்சக் கேட்டுக் குந்திகினுகிறீங்களா? ஏறுங்கடா. இன்னிக்கு ஏறாதவன் நாளைக்கி வராதீங்க." ரகம் பிரிக்கும் பெண்களில் இரண்டு பேர் எழுந்தார்கள். யாரையும் பார்க்காமல், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு மண்டிக்குள் போனார்கள். இனி ஒவ்வொருத்தராக எழுவார்கள் என்று பிரிசில்லா காத்திருந்தாள். ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் பீடியைப் பற்றவைத்தான். எழவில்லை.

வெயில் ஏறியது. லாரியிலிருந்து வடிந்த தண்ணீர் சாலையோரப் பள்ளத்தில் தேங்கி நாறத் தொடங்கியது. சம்பந்தம் போனில் யார் யாரையோ கூப்பிட்டு ஆள் கேட்டார். கிடைக்கவில்லை போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டிரைவரிடம் வந்து மெதுவாக ஏதோ சொன்னார். டிரைவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். லாரி கிளம்பியது.

அங்கே ஒரு சின்ன ஆரவாரம் எழுந்தது. முனியம்மா கூடையில் தட்டினாள். ஆனால் சம்பந்தம் சிரித்தார்.

"இன்னா, ஜெயிச்சிட்டீங்களா? அது குடியாத்தம் மண்டிக்குப் போவுது. அங்கயும் பேரல் இருக்குது, அங்கயும் ஆளுங்க இருக்குறாங்க. சாயந்தரத்துக்குள்ள வித்துப்பூடும். நீங்க இங்க வெயில்ல குந்துங்க."

மண்டியின் ஷட்டர் இறங்கியது.

ஆரவாரம் அடங்கிப்போனது. மீன் போய்விட்டது. எங்கேயோ ஒரு தெருவில் யாரோ அதைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கத்தான் போகிறார்கள். யாரோ குழம்பு வைக்கத்தான் போகிறார்கள். இங்கே இவர்களுக்கு இன்றைய கூலி இல்லை, நாளைக்கு இருக்குமா என்றும் தெரியாது. பிரிசில்லா தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தாள். இவர்களை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது தான்தான் என்ற நினைப்பு அவளைப் போட்டு அழுத்தியது.

அப்போதுதான் பூரணி வந்தாள். வேலூரிலிருந்து வந்த பஸ்ஸில் பைபாஸிலேயே இறங்கி, வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்தாள். மண்டி மூடியிருப்பதையும் எல்லோரும் வெளியே இருப்பதையும் பார்த்துத் திகைத்து நின்றாள். சம்பந்தத்தைப் பார்த்து வைத்தியத்துக்குக் கேட்க வந்தவள்.

"காசி எப்பிடிம்மா கீறான்?" என்றாள் முனியம்மா.

"வலது கண்ணு போச்சிக்கா." பூரணி அழவில்லை. அழுது முடித்த முகம் அது. "இடது கண்ணு சொல்ல முடியாதுன்றாங்க. நெழல் மட்டும் தெரியுதாம்."

தேவகி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். காலையிலிருந்து நடந்ததை முனியம்மா அவளுக்குச் சொன்னாள். லாரி குடியாத்தத்துக்குப் போய்விட்டதையும் சொன்னாள்.

பூரணி தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"குடியாத்தம் தான் எங்க ஊரு. எங்கப்பா அங்க லுங்கித் தறி ஓட்டினாரு. அந்த மண்டில பொட்டி எறக்குறது எங்க மாமன் பசங்க தான்." கொஞ்சம் யோசித்தாள். "அதுங்களுக்கு அவருக்கு அடிபட்டது தெரியும். குடிச்சிட்டு வுழுந்தாருன்னு தான் தெரியும். இப்பிடின்னு யாரும் சொல்லல."

பைபாஸில் வண்டிகள் இரைந்து போயின.

"நாம போயி சொல்லலாம் இல்ல?" என்றாள் பூரணி.

"லாரி மின்னயே போய்டும்மா" என்றான் பீடி பிடித்தவன்.

"போவட்டும். நாளைக்கும் ஒரு லாரி போவுமில்ல?" பிரிசில்லா சொல்லிவிட்டு எழுந்தாள். கால் மரத்திருந்தது. "இன்னிக்கு மீனு வித்துப்பூடும். அத நம்மால தடுக்க முடியாது. நாளைக்கி லாரியையாவது அங்க எறக்காம பாக்கலாம்."

"அங்கயும் எறக்கலன்னா வேலூருக்கு ஓட்டுவான்" என்றாள் முனியம்மா.

"ஓட்டுவான்."

"வேலூருக்கும் போவணும் அப்ப."

"போவணும்க்கா."

முனியம்மா முனகிக்கொண்டே எழுந்து கூடையை இடுப்பில் இடுக்கினாள். பிறகு எதற்கு இது என்பது போல அதைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைத்துவிட்டு வந்தாள். எல்லோரும் வரவில்லை. பிள்ளை தனியாக இருக்கும் என்று சிலர் வீட்டுக்குப் போனார்கள். பெட்டி இறக்குகிறவர்களில் நாலைந்து பேர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

குடியாத்தம் பஸ் கூட்டமாக இருந்தது. மொத்தமாக இவர்கள் ஏறியதும் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"இன்னாம்மா இது? மீன் கூடை ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் கண்டக்டர்.

"கூடை எதுவுமில்லப்பா" என்றாள் முனியம்மா. "ஆளுங்க தான். டிக்கெட்டக் குடு."

தேவகி கம்பியைப் பிடித்து நின்றாள். மாதனூரில் திரும்பி பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே சொட்டுத் தண்ணீர் இல்லாத மணல் வெயிலில் வெள்ளையாய்க் கிடந்தது.

"அவங்க நம்ம பேச்சக் கேப்பாங்களாக்கா?" என்று தேவகி பிரிசில்லாவின் காதருகே குனிந்து கேட்டாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்திருந்த பூரணி, மாமன் பசங்களிடம் சொல்ல வேண்டியதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. முதல் வார்த்தையிலேயே தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பிரிசில்லா அவள் தோளில் கையை வைத்தாள்.

"சத்தமாச் சொல்லிப் பாரு பூரணி" என்றாள். "நாங்களும் கேக்குறோம்."